மூன்றும் ஒன்றும்

காலை பத்தரை மணிக்கு மூன்று அடி. ஒரு மூச்சு விட்டு நாலாவது அடி. அவ்வளவுதான், சார்ஜன் வந்து நிற்பான்.

சார்ஜன் என்றால் ஆளில்லை தம்பி, யானை. அலியன். கொம்பில்லாத ஆண் யானையை நாங்கள் அப்படித்தான் சொல்லுவோம். மடியில் கிடக்கிற இந்தச் சாக்கை நீங்கள் பார்க்கிற பார்வையைக் கண்டுதான் சொல்லத் தொடங்கினேன். ஏறும்போதே கண்டக்டர் பெடியன் கேட்டுவிட்டான், "என்னய்யா உள்ளுக்கு, வெடிக்குமோ?" என்று. வெடிச்சு முடிஞ்சதுதான் மகன் என்றேன். பாதிப் பேர் சிரித்தார்கள். மிச்சப் பேர் கொஞ்சம் தள்ளி இருந்தார்கள். அதனால்தான் உங்களுக்கு இந்த சீற் கிடைத்தது.

கோது தம்பி. பீரங்கிக் குண்டின் வெறும் பித்தளைக் கோது. அடியில் ஓட்டை போட்டுத் தலைகீழாகத் தொங்கவிட்டு இரும்புக் கம்பியால் அடித்துப் பாருங்கள், கோயில் மணி கிட்ட நிற்காது. காட்டுக்குள் இரண்டு மைலுக்குக் கேட்கும். இன்றைக்கு ரவுணுக்குக் கொண்டுபோய்ப் புளி போட்டு மினுக்கி, பெயரும் வெட்டுவித்துக்கொண்டு வருகிறேன். முன்பு பெயின்ற்றால்தான் எழுதியிருந்தது. அதை யாரோ சுரண்டிவிட்டார்கள். இனிச் சுரண்டட்டும் பார்ப்போம். 'அன்பளிப்பு: க. கதிரமலை, வீரைமோட்டை.' அது நான்தான்.

வீரைமோட்டை உங்களுக்குத் தெரியாது. தெரிந்திருக்க நியாயமில்லை. ஏழு வருடம் அது ஊரில்லை, ஆமி முகாம். சண்டை முடிந்து அடுத்த வருடம் எங்களைக் கொண்டுவந்து றோட்டோரம் இறக்கிவிட்டார்கள். ஊருக்குள் போக விடவில்லை. பள்ளிக்கூடம், சங்கக்கடை, குளக்கட்டு, அதோடு ஒட்டின காடு எல்லாவற்றையும் சுற்றி முள்ளுக்கம்பி. வாசலில் பெரிய பலகை. மூன்று மொழியில் எழுதி, பக்கத்தில் ஒரு யானையும் கீறியிருந்தார்கள்: 'வனம் எங்கள் செல்வம். காப்போம்.'

சும்மா சொல்லக்கூடாது, காத்தார்கள். விறகுக்குக்கூட ஒருவரை உள்ளே விடவில்லை. எங்கட சனம் பச்சை மரத்தில் கத்தி வைக்காமல் இருக்குமா? ஆமி இருந்த காலத்தில் ஒரு பாலை, ஒரு முதிரை போனதில்லை. பங்கருக்கு வெட்டினதை விட. பிறகு கட்டடத்துக்கு வெட்டினதை விட. லொறியில் போனது எங்கே போனதென்று எனக்குத் தெரியாது, தெரியாததைப் பற்றி நான் பேசுவதில்லை. மானைப் பாருங்கள், றோட்டில் நின்று மேயும். ஒருவரும் சுட ஏலாது. பெரியவர்களின் சாப்பாட்டுக்குக் கிழமைக்கு ஒன்றோ இரண்டோ, அது வேறு.

எனக்குச் சிங்களம் தெரியும். பெடியனாக இருக்கும்போது தம்புள்ளையில் மரக்கறிக் கடையில் நின்றவன். அதனால் முகாம் குசினியில் எனக்கு வேலை தந்தார்கள். பானை கழுவுவது, விறகு கொத்துவது, மிஞ்சின சோற்றைக் கொண்டுபோய்க் கொட்டுவது. ஊர்ச் சனம் எனக்கு ஒரு பெயர் வைத்தது, 'சோத்து மேஜர்' என்று. முகத்துக்கு நேரே மலையண்ணை, முதுகுக்குப் பின்னால் சோத்து மேஜர். நான் அதை மனத்தில் வைத்திருப்பவனில்லை. யார் யார் சொன்னார்கள் என்று மட்டும் தெரியும்.

மிஞ்சின சோறு என்றால் உங்கள் வீட்டு மிச்சம்போல நினைக்காதீர்கள். அறுநூறு பேருக்குச் சமைக்கிற இடம். பருப்பு, பூசணிக்காய், கருவாட்டுத் தலை, பழுதாய்ப்போன வாழைப்பழம், எல்லாம் சோறு சுற்றின லஞ்ச் சீற் பொலித்தீனோடு சேர்ந்து நாலைந்து தள்ளுவண்டில் நிறைய வரும். வடக்கு வேலிக்கு அப்பால் காட்டோரம் ஒரு கிடங்கு. நான்தான் வேலியைத் தாண்டிப் போய்க் கொட்டவேணும்.

முதல் கிழமையே காவல் கோபுரத்தில் நின்ற பெடியன் வெடி வைத்துவிட்டான். என் தலைக்கு மேலால் போனது. அவனைக் குறை சொல்ல முடியாது, காட்டோரம் ஒரு தமிழன் குனிந்துகொண்டு நின்றால் என்ன நினைப்பான்? குசினிக்குப் பொறுப்பாக இருந்த கோப்ரல் ஜயவீர நல்ல மனிதன். அவன்தான் இந்தக் கோதைக் கட்டித் தந்தான். "அய்யே, வெளியே போகும்போது இதில் அடி. மூன்று அடித்துக் கொஞ்சம் பொறுத்து ஒன்று. அப்படி அடித்தால் நீ என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் சுடமாட்டார்கள்" என்றான். அதற்குப் பிறகு யாரும் சுடவில்லை. ஏழு வருடம். இந்தச் சத்தத்துக்குள் என் உயிர் இருந்தது தம்பி. இன்றைக்கும் கையில் கம்பியைத் தந்தால் கை வேறு மாதிரி அடிக்காது.

சார்ஜன் எப்போது முதன்முதல் வந்தான் என்று எனக்கு ஞாபகமில்லை. ஒரு நாள் கொட்டிவிட்டுத் திரும்பினால் பின்னால் நிற்கிறான். தனியாக. முன்னங்கால் இடது பக்கம் பாதம் பிளந்து வீங்கிப்போய். மிதிவெடி. யாருடைய மிதிவெடி என்று யார் கண்டது, அந்தக் காட்டில் எல்லாரும்தான் விதைத்திருந்தார்கள். மூன்று காலை முழுதாக வைப்பான், நாலாவதை இழுப்பான். மணலில் அவன் போன தடத்தைப் பார்த்தால் குழந்தைப் பிள்ளைக்கும் தெரியும், மூன்று வட்டமும் ஒரு கோடும். அந்தக் காலோடு குளம் குளமாகப் போய்த் தின்ன ஏலுமா? சோறு இருந்ததால்தான் பிழைத்தான். அதாவது, நான் இருந்ததால்.

பிறகு அவன் பின்னால் மூன்று வந்தது. பிறகு பதினொன்று. காட்டு யானை பகலில் மனிதர் நிற்கும் இடத்துக்கு வராது என்பார்கள். இவை வந்தன. நான் அடித்து, வண்டிலைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேருவதற்குள் சார்ஜன் கிடங்கடியில் நிற்பான். ஆமிப் பெடியள் அவனுக்குப் பெயர் வைத்ததே அதனால்தான். சாப்பாட்டுக்கு முதல் ஆளாக வந்து நிற்கிற ஒரு சார்ஜன் அங்கே இருந்தானாம், வேறொரு படைப்பிரிவில். படம் எடுப்பார்கள், வீட்டுக்கு அனுப்புவார்கள். கொமாண்டருக்கு விசயம் தெரிந்ததும் கிடங்குக்கு எதிரே பரண் கட்டுவித்தார். கொழும்பிலிருந்து வருகிற பெரிய ஆட்களை அதில் ஏற்றி, கதிரை போட்டு, தேத்தண்ணி கொடுத்து, பிறகு என்னைக் கூப்பிடுவார். "கதிரமலை, சார்ஜனைக் கூப்பிடு."

பத்தரை மணிதான் வழக்கம். ஆனால் விருந்தாளி வந்தால் எப்போதும். மத்தியானம் இரண்டு மணி, பின்னேரம் ஐந்து மணி. மூன்று அடி, பிறகு ஒன்று. தேத்தண்ணி ஆறுவதற்குள் காடு அசையும். ஒரு பெரிய மனிதரின் மனைவி கையெடுத்துக் கும்பிட்டாள். யானையை இல்லை, என்னை. நான் பொய் சொல்லவில்லை.

அந்த வருடம் கொமாண்டருக்கு வனவிலங்குகளைப் பாதுகாத்ததற்கு என்று ஒரு விருது கிடைத்தது. கேடயத்தை எனக்கும் ஒருக்கால் தூக்கிப் பார்க்கத் தந்தார்.

எல்லாம் நல்லாய்த்தான் போனது. ஒரே ஒரு ஆள்தான் வந்து மூக்கை நீட்டினார். வனசீவராசிகள் திணைக்கள ஆள், முபாறக் என்று பெயர், மன்னார்ப் பக்கம். வாசலில் மூன்று நாள் நின்று கடிதம் காட்டி, ஒரே ஒரு தரம் உள்ளே வர அனுமதி எடுத்தார். அதுவும் ஒரு ஆமிக்காரன் கூட வரத்தான். கிடங்கடியில் குந்தி இருந்து, ஒரு தடியால் யானை லத்தியைக் கிண்டிக் கிண்டிப் பார்த்தார். உள்ளே லஞ்ச் சீற். முழுதாய், மடிப்புக்கூடக் குலையாமல். அந்த மாரிக்கு முன்னம் இரண்டு குட்டி செத்திருந்தன, ஆமி டோசரால் குழி தோண்டித் தாட்டது. எங்கே தாட்டது என்று கேட்டார். எனக்கு வாய் திறக்கச் சொல்லி உத்தரவு இல்லை.

அப்போது நேரம் பத்தரை ஆகிவிட்டது. நான் போய் அடித்தேன். சார்ஜன் வந்தான். முபாறக் அவனைப் பார்க்கவில்லை தம்பி, என்னைப் பார்த்தார். இந்தக் கோதைப் பார்த்தார்.

"அண்ணை, இந்த ஆமிக்காரர் ஒரு நாளைக்கு எழும்பிப் போவினம். சோறும் நிண்டுபோம். அதை அதுக்கு ஆர் சொல்லுறது?"

நான் சிரித்தேன். யானைக்கு யாராவது நோட்டீஸ் ஒட்டுவார்களா? படித்த ஆட்கள் சில நேரம் இப்படித்தான் பேசுவார்கள். கோப்ரலுக்குச் சிங்களத்தில் சொல்லிக் காட்டினேன், அவனும் சிரித்தான். முபாறக் அதற்குப் பிறகு எத்தனை கடிதம் கொண்டுவந்தும் உள்ளே விடவில்லை. இராணுவக் காணி, பாதுகாப்பு.

எழும்பித்தான் போனார்கள். இரண்டாயிரத்துப் பதினேழு கடைசியில் காணி விடுவிப்பு. கொடி இறக்கி, கைகொடுத்து, உறுதிப் பத்திரம் கொடுத்து எல்லாம் செய்தார்கள். சனம் ஓடிப்போய்க் கிணற்றை எட்டிப் பார்த்து அழுதது. என் பக்கத்தில் நின்று ஒருவரும் அழவில்லை, எனக்கும் வேலை போனது என்று யாருக்கும் தோன்றவில்லை. கோப்ரல் ஜயவீர போகும்போது கோதைக் கழற்றி என் கையில் தந்தான். "இது உன்னுடையது அய்யே" என்றான். டோசர் வந்து கிடங்கை மூடி மட்டப்படுத்தியது. பரணைப் பிரித்து லொறியில் ஏற்றினார்கள். பலகையை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள், கழற்ற நேரமில்லை.

மறுநாள் போய்ப் பார்த்தேன். மூடின மண்ணுக்கு மேல் சார்ஜன் நின்றான். காலால் கிளறிக் கிளறி நின்றான். அடுத்த நாளும் நின்றான். நான் கிட்டப் போகவில்லை, வெறுங்கையோடு எப்படிப் போவது?

பிறகு பள்ளிக்கூடம் திறந்தது. முகாமுக்குள் அகப்பட்டிருந்த அதே பழைய பள்ளிக்கூடம்தான், தெற்கு மூலையில். கிடங்கு இருந்த இடத்திலிருந்து ஒரு மைலுக்கு மேல். அதிபராக வந்தது அருந்தவராணி ரீச்சர். மெலிந்த மனுசி, பெரிய குரல். நாற்பத்தைந்து பிள்ளைகள், இரண்டு வகுப்பறைக்குத்தான் கூரை, மணி இல்லை. நானே போய்ச் சொன்னேன், என்னிடம் ஒரு மணி இருக்கிறது என்று. சில தாய்மார் முகத்தைச் சுளித்தார்கள், ஷெல் கோதில் பிள்ளைகளுக்கு மணியா என்று. ரீச்சர் சொன்னா, "விழுந்தது விழுந்து முடிஞ்சுது. இனி அது எங்கட பிள்ளையளைக் கூப்பிடட்டும்." நல்ல வார்த்தை. அன்றைக்கு அந்த மனுசியை எனக்குப் பிடித்திருந்தது. காவலாளி வேலையும் தந்தா. மணி அடிப்பதும் நான்தான்.

எப்படி அடித்தேன் என்றா கேட்கிறீர்கள்? வேறு எப்படி அடிப்பேன்? மூன்று, பிறகு ஒன்று.

காலைச் சாப்பாட்டு இடைவேளை பத்தரைக்கு. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், காட்டைப் பார்த்தபடி ஒரு சமையல் கொட்டில். தாய்மார் முறைவைத்துச் சமைப்பார்கள். சோறு, பருப்பு, கீரை.

முதல் தவணை ஒன்றுமில்லை. அப்போது காட்டுக்குள் தண்ணீர் இருந்தது, யானைகள் தூரத்தில். வைகாசி பிறந்து வெயில் ஏற ஏறத்தான் வேலிக் கட்டைகள் முறிந்து கிடந்தன. பிறகு பப்பாசி மரம். பிறகு ஒரு நாள், மணி அடித்து நான் கம்பியை வைக்கவில்லை, பிள்ளைகள் ஒரே சத்தம். பார்த்தால் கொட்டிலுக்குப் பின்னால் சார்ஜன். நன்றாய் மெலிந்துபோய். முதுகெலும்பு தெரிகிறது.

நான் நேரே போய் முன்னால் நின்றேன். சிங்களத்தில் சொன்னேன், போ, இன்றைக்கு இல்லை என்று. தலையை ஆட்டிக்கொண்டு நின்றான், நின்றான், திரும்பிப் போனான். அன்றைக்கு முழு ஊரும் என் பெயர்தான். சோத்து மேஜர் என்று சொன்ன வாயெல்லாம் மலையண்ணை, மலையண்ணை. எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோசம். ஏழு வருடம் சாப்பாடு போட்ட கையைத் தேடி அவ்வளவு தூரம் வந்திருக்கிறான். மனிதர் யார் வருவார்? யானைக்கு நன்றி இருக்கிறது தம்பி. அவனுக்கு என்னைத் தெரியும்.

ரீச்சர் அப்படிப் பார்க்கவில்லை. வேலி கேட்டு எழுதினா, யானை வெடி வாங்கி வைத்தா. அந்த வெடியை எறியக்கூடாது என்று நான் சொன்னேன். கேட்கவில்லை. ஊர்ப் பெடியள் எறிந்தார்கள். ஒன்று காதடியில் வெடித்தது. யாரோ தோட்டக்காரன் நாட்டுத் துவக்காலும் சுட்டிருக்கிறான். அதற்குப் பிறகு சார்ஜன் தலையை ஆட்டுகிற விதம் வேறு. காதுக்குப் பின்னால் சீழ் வடியும். மனிதரைக் கண்டால் முன்பு நிற்பான், இப்போது வருவான். கோபம் கொஞ்சம் கூடியிருக்கிறது. வேறொன்றுமில்லை.

பிறகு புரட்டாதியில் மங்களேஸ்வரியின் விசயம்.

அவள் முறை அன்றைக்கு. புருசன் இல்லாதவள், ஒரே மகள் நிரோஜிகா, நாலாம் வகுப்பு. நான் பத்தரைக்கு மணி அடித்தேன். பிள்ளைகள் கோப்பையோடு வரிசையில். மங்களேஸ்வரி பானையிலிருந்து அகப்பையால் போட்டுக்கொண்டு நின்றாள். சார்ஜன் கொட்டிலின் பின்பக்கத் தட்டியைப் பிரித்துக்கொண்டு வந்தான். பிள்ளைகள் ஓடிவிட்டார்கள். அவள் ஓடவில்லை. நாற்பத்தைந்து பிள்ளைகளின் சோறு, விட மனம் வரவில்லையாக்கும். அகப்பையை ஓங்கிக்கொண்டு பானைக்கு முன்னால் நின்றாள். நான் சிங்களத்தில் கத்தினேன், கேட்கவில்லை. கேட்கிற தூரத்தில் நான் இல்லை, அதுதான் காரணம்.

ஒன்று சொல்லுகிறேன் தம்பி, தப்பாக நினைக்காதீர்கள். ஏழு வருடத்தில் ஒரு ஆமிக்காரன்கூடச் சோற்றுக்கும் அவனுக்கும் நடுவில் நின்றதில்லை. அவர்களுக்குத் தெரியும். இந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. யாராவது சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

சனம் அவளைத் தூக்கிக்கொண்டு போன பிறகும் அவன் நின்றான். பானையை உருட்டிச் சாப்பிட்டான். பிறகு முற்றத்துக்கு வந்து, வேப்பமரத்தில் தொங்கின இந்தக் கோதுக்கு முன்னால் நின்றான். தும்பிக்கையால் தொட்டான். மெதுவாகத்தான் தொட்டான், சத்தம்கூட வரவில்லை. பார்த்தவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அழுகை வந்தது. பழைய காலத்தை நினைக்கிறான் என்று.

முபாறக் வந்தார். இந்த முறை வாசலில் கடிதம் காட்டத் தேவையிருக்கவில்லை. தடத்தைப் பார்த்தார், மூன்று வட்டமும் ஒரு கோடும். நொண்டி யானை வன்னியில் ஒன்றா இருக்கிறது என்று நான் சொன்னேன். அவர் நேரே வேப்பமரத்தடிக்கு வந்தார். கோதைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். ரீச்சரைத் தனியே கூட்டிப்போய் நீண்ட நேரம் கதைத்தார். திரும்பி வரும்போது ரீச்சரின் முகம் சாம்பல்.

"அண்ணை, உதைக் கழட்டுங்கோ. இனி இஞ்சை மணி அடிக்கக் கூடாது."

"ஏன் ரீச்சர், மணி என்ன செய்தது?"

"நீங்கள் எங்கட பிள்ளையளைக் கூப்பிடேல்லை. இவ்வளவு நாளும் அதைத்தான் கூப்பிட்டனீங்கள்."

இதைத்தான் அந்த முபாறக் சொல்லிக் கொடுத்திருக்கிறார். நான் கேட்கிறேன், மணி அடித்து மங்களேஸ்வரி சாகவில்லைத்தானே? அடித்தது மணி, மிதித்தது யானை. காட்டோரம் முழுக்க இப்போது வெளியூர்க்காரர் வெட்டி வெளியாக்குகிறார்கள், தின்ன ஒன்றுமில்லை, வருகிறது. அதைச் சொல்லமாட்டார்கள். ஆமி தந்த பொருள், சோத்து மேஜர் கொண்டுவந்த பொருள், அதுதான் அவர்களுக்குக் கண்ணில் குத்தியது. கழற்றிச் சாமான் அறையில் உடைந்த கதிரைகளுக்குக் கீழே போட்டார்கள். அதற்குள் யாரோ என் பெயரைச் சுரண்டிவிட்டார்கள். என் வேலையும் போனது. ரீச்சர் இப்போது கையைத் தட்டித்தான் பிள்ளைகளைக் கூப்பிடுகிறா. பள்ளிக்கூடமா, கோழிக்கூடா?

என்ன கேட்டீர்கள்? மணி கழற்றின பிறகு யானை வந்ததா என்றா?

வரவில்லை. ஐந்து மாதமாக வரவில்லை. அது வேறு காரணம். மாரி வந்துவிட்டதுதானே.

இப்போது கேளுங்கள் நல்ல சேதி. அந்தப் பழைய கொமாண்டர் இன்றைக்குப் பெரிய பதவியில் இருக்கிறார். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஆமிதான் புதுக் கட்டடம் கட்டிக் கொடுக்கிறது, அவர்தான் வந்து திறக்கப் போகிறார். கட்டட வேலையைப் பார்க்க வந்த ஜீப்பில் அவரே ஒரு நாள் இருந்தார். நான் றோட்டில் நின்று சல்யூட் அடித்தேன். ஜீப்பை நிறுத்திவிட்டார் தம்பி. ஒரே ஊரில் பிறந்து வளர்ந்த எங்கட சனம் என்னைக் கண்டால் சைக்கிளை நிறுத்தாது, அவர் ஜீப்பை நிறுத்தினார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், கோதைக் கழற்றினதை, பெயரைச் சுரண்டினதை. மங்களேஸ்வரியின் விசயத்தைச் சொல்லவில்லை, நல்ல நாளுக்கு வருகிற மனிதரிடம் அதை ஏன்?

அவர் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா?

"சார்ஜன் இன்னும் வருவானா?"

"கூப்பிட்டால் வருவான் சேர்" என்றேன்.

பக்கத்தில் இருந்த அதிகாரியிடம் திரும்பிச் சிரித்துக்கொண்டு சொன்னார், திறப்பு விழாவுக்கு ரிபன் வெட்ட வேண்டாம், அந்த மணியை நானே அடித்துத் திறக்கிறேன் என்று. அடிக்கிற விதம் அவருக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஜீப்பின் கதவில் விரலால் தட்டிக் காட்டினார். மூன்று, பிறகு ஒன்று. சரியாகத் தட்டினார்.

கோதை எடுத்து என்னிடம் கொடுக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து ரீச்சருக்கு உத்தரவு வந்துவிட்டது. அந்த மனுசி சும்மா இருக்கவில்லை, முபாறக்குக்குப் போன் எடுத்திருக்கிறா. அவரைத் தெற்குப் பக்கம் மாற்றிவிட்டார்கள். அவர் இடத்தில் இருக்கிற ஆள், விழாவுக்கு ஆமி வரும்தானே, பாதுகாப்பை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று சொல்லிவிட்டாராம். கடைசியாக என்னிடமே வந்தா. வெள்ளிக்கிழமை, படலையடியில் நின்றா. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"மலையண்ணை, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன். மணியைக் காணேல்லை எண்டு சொல்லுங்கோ. களவு போட்டுது எண்டு சொல்லுங்கோ. நான் பொறுப்பு எடுக்கிறன்."

"நான் களவு குடுக்கிற ஆளில்லை ரீச்சர்."

"அண்டைக்குப் பிள்ளையள் முழுப்பேரும் முத்தத்திலை நிப்பினம். மூண்டு பானை பொங்கல் வைக்கச் சொல்லிக் கிடக்கு."

"பிறகென்ன? அவனுக்கும் பசி தீரும்."

சிரிக்கட்டும் என்றுதான் சொன்னேன். அந்த மனுசி திரும்பிப் போய்விட்டா. படித்த பெண், படலையைக்கூடச் சாத்தவில்லை.

நான் ஒன்றும் மனத்தில் கெட்டது வைத்திருப்பவனில்லை தம்பி. கம்பியைப் பெரியவரின் கையில் கொடுக்கிறதற்கு ஒரு பிள்ளை வேண்டும் என்றார்கள். மங்களேஸ்வரியின் மகளைச் சொன்னதே நான்தான். தாயில்லாத பிள்ளை, புதுச் சட்டையும் போட்டு, பெரியவருக்குப் பக்கத்தில் வேப்பமரத்தடியில் நின்றால், அதன் மனமும் கொஞ்சம் ஆறும். போட்டோவும் வரும்.

காட்டுப் பக்கமும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், முந்தாநாள். குளம் வற்றத் தொடங்கிவிட்டது. பழைய கிடங்கடியில் மண் புதிதாகக் கிளறிக் கிடந்தது. மூன்று வட்டமும் ஒரு கோடும். இருக்கிறான். நான் ஒரு நாள் பிந்திப் போனாலும் காத்து நிற்கிறவன் அவன்.

ஏன் தம்பி எழும்புகிறீர்கள்? உங்கள் இடம் இன்னும் வரவில்லையே. ஓ, கண்டக்டரிடம் போன் நம்பர் கேட்கவா? யாருடைய நம்பர்? ரீச்சருடைய நம்பர் அவனுக்கு எப்படித் தெரியும்? இருங்கள், பஸ் குலுக்குகிறது, விழுந்துவிடுவீர்கள். இந்தப் பக்கம் சிக்னலும் கிடைக்காது.

சாக்கைக் கொஞ்சம் பிடியுங்கள், நான் இறங்குகிற இடம் வந்துவிட்டது. பார்த்து, பார்த்து. சீற்றுக் கம்பியில் பட்டுவிடப் போகிறது. சத்தம் கேட்டீர்களா? சும்மா முட்டினதுக்கே எப்படி நிற்கிறது பாருங்கள். வருகிற திங்கட்கிழமை. வேலை ஒன்றும் இல்லையென்றால் நீங்களும் வாருங்கள்.

2019 பெப்ரவரி 11, திங்கட்கிழமை. வீரைமோட்டைப் பாடசாலையின் புதிய கட்டடம் திறந்து வைக்கப்பட்டது. காலை பத்தரை மணிக்கு மணி மூன்று தடவை அடிக்கப்பட்டது. பிறகு ஒரு தடவை.